தண்ணீர் இருக்கும் தூரம்

அருப்புக்கோட்டைச் சீமைக்காரர்கள் நடக்க அஞ்சாதவர்கள். ஆடி கடைசி வெள்ளி என்றால் இருக்கன்குடி மாரியம்மன், தைப்பூசமும் மாசியும் என்றால் திருச்செந்தூர் முருகன் என்று இங்குள்ள கால்கள் பெரும்பாலும் தெற்கு நோக்கித்தான் போகும். மேற்கே சதுரகிரி மலையிலிருக்கும் சுந்தரமகாலிங்கத்துக்கு ஊரிலிருந்தே நடக்கிறவர்கள் குறைவு. பஸ்ஸிலோ வேனிலோ தாணிப்பாறை அடிவாரம் வரை போய் மலையை மட்டும் ஏறுவதே இப்போது வழக்கம். ஆடி அமாவாசைக்குத் திருச்சுழியிலிருந்து நடந்தே போகிற ஒரு சிறு கூட்டத்தோடு நானும் சேர்ந்துகொண்டேன். நெசவாளிகள், சம்சாரிகள், ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார். எல்லோருக்கும் மூத்தவரை எல்லோரும் 'பெரியவர்' என்றே கூப்பிட்டார்கள். ஓட்டல் அறை எடுப்பதில்லை, இரவு எங்கே சாவடியோ மடமோ மண்டபமோ கிடைக்கிறதோ அங்கே படுப்பது என்பது அவர்களுடைய பழைய ஏற்பாடு. நான் சேர்ந்துகொண்டதே அந்த ஏற்பாட்டுக்காகத்தான். ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிற, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையோடு முடிந்துபோகிற ஒரு சமவெளியில், பஸ்ஸுக்கு முந்தைய காலத்து மனிதர்கள் எதை நம்பி நடந்தார்கள் என்பது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

திருச்சுழியில் திருமேனிநாதர் சந்நிதியில் கும்பிட்டுவிட்டுக் கிளம்புவது முறை. சுந்தரர் பதிகம் பெற்ற தலம். அம்மன் பெயர் துணைமாலையம்மை. கோயிலிலிருந்து சற்றே நடந்தால் சுந்தர மந்திரம். 1879 டிசம்பர் 30ஆம் தேதி, ஆருத்ரா தரிசன இரவில் ரமண மகரிஷி பிறந்த வீடு. அவருடைய தந்தை சுந்தரமய்யர் ஊரில் பேர்பெற்ற வக்கீல். ரமணரின் வரலாற்றை எழுதியவர்கள் அந்த வீட்டைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறார்கள்: வீடு இரண்டு பகுதியாக இருந்தது, ஒன்றில் குடும்பம் இருந்தது, மற்றதை வழிப்போக்கர்களுக்கும் ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் என்றே ஒதுக்கியிருந்தார்கள். வழிப்பறிக்காரர்கள் கூட அவர் வண்டியை மறிக்கமாட்டார்கள் என்றும் சொல்வதுண்டு. வருகிறவனுக்கு எப்போதும் ஒரு பாதி திறந்திருந்த வீட்டில் வளர்ந்த அந்தப் பையன், பதினாறு வயதில், 1896 ஆகஸ்ட் கடைசியில், மதுரையிலிருந்து கையில் மூன்று ரூபாயோடு திருவண்ணாமலைக்குப் புறப்பட்டான். ரயில் காசு மாம்பழப்பட்டோடு தீர்ந்தது. அங்கிருந்து நடை. அரையணிநல்லூர்க் கோயிலில் இரவு தங்க விடவில்லை, கதவை அடைக்க வேண்டும் என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். மறுநாள் கோகுலாஷ்டமி. கீழூரில் ஒரு பாகவதர் வீட்டில் முன்பின் தெரியாதவர்கள் சோறு போட்டார்கள். கடுக்கனை வாங்கிக்கொண்டு நான்கு ரூபாய் கொடுத்து, வழிக்குப் பலகாரமும் கட்டிக்கொடுத்தார்கள். அந்த மலைப் பயணத்தைப் பற்றி ஆயிரம் தத்துவம் பேசலாம். எனக்கு அந்தக் கீழூர் வீட்டு இலைச் சோறுதான் பெரிதாகத் தெரிகிறது.

ஊரை ஒட்டி ஓடுவது குண்டாறு. தலபுராணம் அதைக் கௌண்டின்ய நதி என்கிறது. ஓடுவது என்று சொன்னாலும் ஆடியில் அங்கே ஓடுவது காற்று மட்டும்தான். அக்கரையில் பள்ளிமடம்; பாண்டியர் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ள ஊர். சோழன் தலைகொண்ட வீரபாண்டியன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில், இந்தக் கரையில் விளக்குக்கு நெய்யும் அதற்கு ஆடும் கணக்கெழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது ஆற்றின் இரு கரையும் நடுவும் சீமைக்கருவேலம். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை வேரோடு பிடுங்கச் சொல்லி உத்தரவிட்டபோது ஊர் ஊராக ஜேசிபி வந்து போனது. வெட்டிய இடத்தில் மறுபடி முளைத்து நிற்கிறது. அதைத் திட்டுகிறவர்களும் உண்டு. அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்து வயிறு கழுவுகிறவர்களும் உண்டு. ஆற்றோரம் இரண்டு மூட்டங்கள் புகைந்துகொண்டிருந்தன. மண் பூசிய அந்த மேடுகளைச் சுற்றி ராத்தூக்கம் இல்லாமல் காவல் இருக்க வேண்டும். எங்காவது வெடித்துக் காற்று உள்ளே போனால் கரியெல்லாம் சாம்பலாகிவிடும். காவலிருந்த அம்மா, "மலைக்கா போறீக? எனக்கும் சேத்துக் கும்பிட்டு வாங்க" என்று ஒரு ரூபாய் நாணயம் ஒன்றைப் பெரியவர் கையில் வைத்தார். வழி நெடுக இப்படிச் சேர்ந்த காசை அவர் தனி முடிச்சாகக் கட்டிவைத்துக்கொண்டார்.

திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை சுமார் 15 கிலோமீட்டர். பகல் வெயிலில் அது இரண்டு மடங்காகிவிடும். அதனால் பின்னிரவு மூன்று மணிக்கே எழுந்து நடப்பது, பத்து மணிக்குள் நிழலில் அடங்குவது, சாயங்காலம் மறுபடி கொஞ்சம் நடப்பது என்பதுதான் இந்தக் கூட்டத்தின் நடை. ஆடியில் கரிசல் வெறுமையாகக் கிடக்கும். புரட்டாசியில் மழை கண்டுதான் குதிரைவாலியும் பருத்தியும் உளுந்தும் விதைப்பார்கள். அதுவரை நிலம் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்பில் கை நுழையும். மேல்காற்று புழுதியை வாரிக்கொண்டு எதிரே வரும். மேற்கே நடக்கிறவன் முகத்தில்தான் முழுதும் அடிக்கும். தலைத்துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, பேச்சில்லாமல் நடந்தோம். விடியும்போது ஆள்காட்டிக் குருவிகள் எங்களைக் கண்டுபிடித்து ஊரைக் கூட்டின.

இந்த வழியில் நடந்தால்தான் நீருக்காக இந்த மண் செய்துவைத்த காரியங்கள் கண்ணில் படும். கண்மாய் பயிருக்கு, மடை திறந்து வயலுக்குப் போகும், மிஞ்சியது கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்கு இறங்கும். ஊருணி குடிக்க. ஊருணியில் குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாட்டை இறக்கக் கூடாது, செருப்போடு படியில் கால் வைக்கக் கூடாது. குழாய்த் தண்ணீர் வந்த பிறகும் இந்த விதியை விடாத ஊர்களை வழியில் பார்த்தோம். பருப்பு வேகவேண்டுமென்றால் ஊருணித் தண்ணீர்தான் என்று படியில் குடத்தோடு நின்ற பெண்கள் சொன்னார்கள். அதை அடுத்துப் பார்த்தது சுமைதாங்கிக் கல். இரண்டு கல்லை நட்டு, ஆள் உயரத்தில் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியது. தலைச்சுமையோடு தனியே வருகிறவர் யார் கையையும் எதிர்பாராமல் சுமையை இறக்கவும் மறுபடி ஏற்றிக்கொள்ளவும் அது போதும். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் வைப்பது அந்தக் கல். அவள் இறக்கிவைக்காமல் போன பாரத்தை, வழியில் போகிற ஒவ்வொருவரும் அவளுக்காக ஒருமுறை இறக்கிவைக்கிறார்கள். ஒரு துக்கத்தை இதைவிடப் பயனுள்ளதாக ஆக்கிய ஊர் வேறெங்கும் இருக்கும் என்று நான் நம்பவில்லை. நாங்கள் கண்ட கல் ரோட்டை உயர்த்தியதில் பாதி புதைந்து, இடுப்பளவுக்குத்தான் தெரிந்தது. பெரியவர் தன் பையை அதன்மேல் வைத்து எடுத்துவிட்டுத்தான் நடந்தார்.

முதல் இரவு ஒரு கிராமத்துச் சாவடியில். கல்தூண், காரைத் தளம், நடுவில் ஒரு குண்டு பல்பு. பகலில் அங்கே சீட்டும் ஆடுபுலி ஆட்டமும் நடக்கும். இரவில் வெளியூர்க்காரன் கேட்டால் இடம் உண்டு. "எங்குட்டு இருந்து வர்றீக அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டு ஒரு பையன் ஓடிப்போய் பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீரும் ஒரு துடைப்பமும் கொண்டுவந்து வைத்தான். எந்த ஊர், எந்த மலைக்கு என்பதற்கு மேல் அவன் வேறு எதையும் கேட்கவில்லை. சற்று நேரத்தில் ஒரு வீட்டிலிருந்து கம்மங்கஞ்சியும் மோர் மிளகாயும் வந்தன.

அருப்புக்கோட்டைக்குள் நுழையும்போது விடிந்திருந்தது. நெசவுக்காரத் தெருக்களில் வெயில் ஏறுமுன் பாவு விரித்து, இழை பார்த்துக் கொண்டிருந்தார்கள். சாலியரும் தேவாங்கரும் நிறைந்த ஊர். தேவாங்கர் வீடுகளில் கன்னடம் கேட்கும், அவர்களுக்குச் சௌடாம்பிகை. எங்கள் கூட்டத்து நெசவாளி ஒருவர் தன் சொந்தத் தெருவையே யாத்திரிகராகக் கடந்தார். வீட்டு வாசலில் அவர் மனைவி எல்லோர் காலிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். கைத்தறிச் சத்தம் குறைந்து விசைத்தறிச் சத்தம் மிகுந்துவிட்டது. 1977இல் எம்.ஜி.ஆர். இந்தத் தொகுதியில் வென்று முதலமைச்சரானதை இன்றும் டீக்கடைகளில் போன மாதம் நடந்ததாகப் பேசுகிறார்கள். நான் இங்கே தேடி வந்தது வேறொன்றை.

அருப்புக்கோட்டை, பக்கத்துப் பாளையம்பட்டி, விருதுநகர், சாத்தூர், சிவகாசி, திருமங்கலம். இந்த ஆறு ஊர்களையும் ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் மாட்டு வண்டிக்காரனின் பயணக் குறிப்பு கிடைத்துவிடும். 1801இல் பாளையக்காரர் போர்கள் ஓய்ந்து வழிப்பயம் சற்றுத் தணிந்த பிறகு, தெற்கே தேரிக்காட்டுப் பக்கமிருந்து நாடார் வணிகர்கள் பொதிமாடுகளோடும் வண்டிகளோடும் வடக்கே வரத் தொடங்கினார்கள். வருகிற வழியில் அவர்கள் அமைத்துக்கொண்டவை பேட்டைகள். நாலு பக்கமும் மதில், ஒரே வாசல், உள்ளே கிணறு, மாட்டுக்கு நிழல், வண்டி நிறுத்த இடம், சரக்குக்குக் காவல். இரவுக்குள் அடுத்த பேட்டையை எட்டிவிட வேண்டும் என்பதே பயணத்தின் கணக்கு. இந்த ஆறு ஊர்களும் அப்படி வளர்ந்த பேட்டை ஊர்கள்தான் என்று நாடார் சமூக வரலாற்றை ஆராய்ந்த ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

இதற்கெல்லாம் பணம் மகமையிலிருந்து வந்தது. பேட்டையில் இறங்கும் சரக்குக்கும், கடையில் விற்கும் சரக்குக்கும் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை பொதுவில் போடுவது. கட்டாயப்படுத்த அரசாங்கம் இல்லை. ஊர்ச் சொல்தான் கட்டாயம். அந்தப் பணம் முதலில் மதிலையும் கிணற்றையும் கட்டியது, பிறகு கோயிலை, பிறகு பள்ளிக்கூடத்தை. 1889இல் விருதுநகரில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்கு மகமையோடு பிடியரிசியும் சேர்ந்தது: வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைப்பார்கள், வாரத்துக்கொரு முறை பள்ளிக்காக வந்து வாங்கிப் போவார்கள். அந்தப் பள்ளியில் படித்தவர்தான் காமராஜர். ஏழைப் பிள்ளைக்குப் பள்ளியில் மதியச் சோறு போட்டவரின் கல்வி, ஊர் அடுப்படிகளின் பிடி அரிசியில் நடந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பாளையம்பட்டித் தெருவில் அன்று காலை நாங்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் ஓய்வுபெற்ற வாத்தியார் இந்தக் கதையைச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, தன் தாத்தாவும் பொதிமாடு ஓட்டியவர் என்றார்.

அவரேதான் மறுபக்கத்தையும் சொன்னார். பேட்டைகளை அந்த வணிகர்கள் தாங்களே கட்டிக்கொள்ள வேண்டியிருந்ததற்கு ஒரு காரணம், மற்ற சத்திரங்களும் கோயில் மண்டபங்களும் அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை என்பது. திருச்சுழிக்குத் தெற்கே கமுதி. அங்கே 1897இல் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததற்காக வழக்கு நடந்தது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பானது. 1899இல் நாடார்களுக்கு எதிரான கலவரத்தில் சிவகாசி எரிந்தது. அந்தச் சமூகமாவது வாணிபத்தால் தனக்கென மதில் எழுப்பிக்கொள்ள முடிந்தது. அதுவும் முடியாத தலித் மக்கள் இதே வழியில் பொதி சுமந்து, இதே ஊருணிக் கரையில் யாராவது மொண்டு ஊற்றுவார்களா என்று காத்து நின்றிருக்கிறார்கள். ராணி மங்கம்மாள் போட்ட சாலைகளையும் ராமநாதபுரம் சேதுபதிகள் கட்டிய சத்திரங்களையும் பெருமையாகப் பேசுகிற நாம் அந்தக் காத்திருப்பையும் சேர்த்தே பேச வேண்டும். எங்கள் கூட்டத்தில் எல்லாச் சாதியும் இருந்தது. சாவடியில் ஒரே குடத்தில் குடித்தோம். எங்கள் தாத்தாக்கள் இப்படி ஒன்றாகக் கிளம்பியிருந்தால் ஒரே சாவடியில் படுத்திருக்க முடியாது. வழித் தருமத்தில் இந்த ஒன்று மட்டும் இன்று முன்பைவிட மேலாக இருக்கிறது; அதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

அருப்புக்கோட்டை வட்டத்தில் கோவிலாங்குளம் என்று ஓர் ஊர். வழியை விட்டு விலகித்தான் போக வேண்டும், ஆனாலும் போனோம். வெட்டவெளியில் சமணத் தீர்த்தங்கரர் சிலைகள். பன்னிரண்டாம் நூற்றாண்டு, முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு. ஊர்க்காரர்கள் தங்கள் சாமியாகவே கும்பிடுகிறார்கள். இந்தக் கரிசலில் ஒரு காலத்தில் சமணமும் இருந்தது, வணிகர் வழியோடு வந்தது என்பதற்கு இதைவிட அமைதியான சாட்சி வேண்டியதில்லை. அமர்ந்திருந்தவர் மடியில் யாரோ அன்று காலைப் பறித்த அரளிப்பூ இருந்தது. எங்கள் கூட்டத்தில் யாரும் அவர் எந்த மதம் என்று கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள்.

பாலவநத்தம் வந்தபோது எனக்குத் தனி மகிழ்ச்சி. 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இந்த ஜமீனுக்கு உரியவர். வ.உ.சி.யின் சுதேசி கப்பல் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவரும் அவரே. 44 வயதில், 1911இல் மறைந்தார். இந்த வெயில் மண்ணில் விளைந்த வரியில்தான் ஏடுகள் அச்சேறின, புலவர்கள் சோறுண்டார்கள். குதிரைவாலிக்கும் பருத்திக்கும் தமிழ் கடன்பட்டிருக்கிறது.

விருதுநகரைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஊரில் நுழையும்போது மிளகாய் வற்றல் நெடி, வெளியேறும்போது எண்ணெய்ச் செக்கு வாசம். பழைய விருதுபட்டி. 1956இல் தமிழ்நாடு என்ற பெயருக்காக 76 நாள் உண்ணாமல் இருந்து உயிர்விட்ட சங்கரலிங்கனார் நோன்பிருந்த தேசபந்து மைதானத்தில் சற்று நின்றோம். ஊரைக் கடக்கும் கௌசிகா ஆறு சாக்கடையாகிக் கிடக்கிறது. இதே தண்ணீர்தான் கீழே குல்லூர்ச்சந்தை அணைக்குப் போகிறது. யாத்திரை போகிறவர்கள் பாலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்க வேண்டிய நிலை, ஊருணிப் படியில் செருப்பிடாத ஒரு மாவட்டத்துக்கு வந்திருக்கக் கூடாது. அன்றிரவு ஒரு கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் இடம் கிடைத்தது. மறுநாள் முகூர்த்தத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு எங்கள் ஆட்களும் உட்கார்ந்து நறுக்கிக் கொடுத்தார்கள்.

அடுத்தது எரிச்சநத்தம், அழகாபுரி வழி. அங்கங்கே பொட்டலில் ஒன்றுக்கொன்று எட்டி நிற்கும் சின்னச் சின்ன அறைகள், சுற்றி வேலி, நடுவில் வேப்பமரங்கள்: பட்டாசு ஆலைகள். வேலியோரம் போகும்போது பீடியை அணைக்கச் சொல்லிப் பெரியவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். விடியற்காலையில் ஆலை வண்டிகள் பெண்களை ஏற்றிக்கொண்டு எங்களைக் கடந்தன. ஜன்னலிலிருந்து ஒரு பெண் கையெடுத்துக் கும்பிட்டார். மலைக்குப் போகிறவர்களைக் கும்பிடுவது இங்கே வழக்கம்தான். ஆனால் இந்த ஆலைகளில் வெடித்துச் செத்தவர்களின் செய்தியை ஆண்டுதோறும் படிக்கிற எனக்கு, கும்பிட வேண்டியவர்கள் நாங்கள்தான் என்று பட்டது.

மலை தெரிய ஆரம்பித்ததும் இந்த வழியில்தான். முதலில் மேகம் என்று நினைத்தது அசையாமல் நின்றபோது புரிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மணி நேரமும் அது நிறம் மாறியது. சாயங்காலத்தில் மடிப்பு மடிப்பாகப் பிரிந்தது. கூட்டத்தில் எல்லோர் நடையும் வேகமெடுத்தது. புழுதிக் காற்றுக்குப் பதில் ஈரமும் கலந்த ஒரு காற்று வந்தது.

வத்திராயிருப்பில் நெல் பச்சை. கிணற்றுப் பாசனமும், மலையடிவாரத்துப் பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளின் தண்ணீரும் சேர்ந்த ஊர். கண்மாய்க்குப் பின் கண்மாய், தென்னைக்குப் பின் தென்னை. கரிசலில் நடந்துவந்த கண்ணுக்கு அது கூசியது. ஊர் நடுவே அக்ரகாரம், சேதுநாராயணப் பெருமாள் கோயில், அர்ச்சுனா நதி. நாலு நடை தூரத்தில் மண்ணின் தலையெழுத்து எப்படி மாறுகிறது பாருங்கள் என்றார் வாத்தியார். திருச்சுழிச் சம்சாரி ஒருவர் வரப்பில் குந்தி, வாய்க்கால் நீரில் கையை விட்டபடி வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

தாணிப்பாறை அடிவாரத்தில் பளியர் குடியிருப்பு. இந்த மலையின் உண்மையான வீட்டுக்காரர்கள் அவர்கள். தேன், கிழங்கு, மருந்துப் பச்சிலை, எந்தப் பாறை மழையில் வழுக்கும், எந்த ஓடை எந்த நேரம் பெருகும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஏற முடியாத முதியவர்களை டோலியில் சுமப்பவர்களும் மேலே சாமான் கொண்டுபோகிறவர்களும் அவர்களே. 1988இல் சாம்பல் அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு இது. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்ந்து தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமானது. 2015 மே மாதம் திடீரென்று காட்டாறு பெருகி பக்தர்களை அடித்துப்போனது, பலர் இறந்தார்கள். அதற்குப் பிறகு கட்டுப்பாடுகள் இறுகின. நாங்கள் போனபோது வனத்துறைச் சோதனையில் பிளாஸ்டிக்கையும் தீப்பெட்டியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்; காலையில் ஏறி, இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும், மேலே இரவு தங்கக் கூடாது என்றார்கள்.

ஏற்றத்தில் இடங்களுக்கெல்லாம் பெயர் உண்டு. பெயரைச் சொல்லியே களைப்பை அளக்கிறார்கள். ராஜகாளி, பேச்சி, கருப்பசாமி இவர்களிடம் உத்தரவு கேட்ட பிறகு குதிரை ஊத்து, வழுக்குப்பாறை, அத்தி ஊத்து, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பசுக்கிடை, நாவல் ஊத்து, பச்சரிசிப்பாறை, பிலாவடிக் கருப்பர். கவனித்துப் பார்த்தால் இவற்றில் மூன்று ஊற்றுகள். கீழே ஊருணியும் சாவடியும் செய்த வேலையை மேலே ஊற்றும் பாறை நிழலும் செய்கின்றன. பசுக்கிடை மாடுகள் அடையும் இடம். இந்த மலைக்கு முதலில் ஏறியவர்கள் மாடு மேய்த்தவர்கள்தான் என்பதைத் தலவரலாறும் ஒப்புக்கொள்கிறது. பச்சைமால் என்ற இடையர், தன் பசுவின் பாலைக் குடிக்கும் துறவியைக் கம்பால் அடித்தார். அடி வாங்கியவர் சிவன். அதனால்தான் சுந்தரமகாலிங்கம் சற்றுச் சாய்ந்திருக்கிறது என்கிறார்கள். அடித்தவனைத் தண்டிக்காமல், அடியைத் தன்மேலேயே வைத்துக்கொண்ட சாமி. கருவறை முன் நிற்கும்போது அந்தச் சாய்வு நன்றாகத் தெரிகிறது. பெரியவர் காசு முடிச்சை அவிழ்த்து, கரி மூட்டக்காரம்மா கொடுத்த நாணயத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக, கொடுத்தவர் ஊரைச் சொல்லிச் சொல்லி உண்டியலில் போட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் அவசரப்படுத்தவில்லை.

சந்தனமகாலிங்கம் சந்நிதிக்குப் போகும் வழியில் பளியர் ஒருவர் எனக்கு மலையின் பக்கங்களைக் காட்டினார். கிழக்குச் சரிவின் ஓடைகள் வத்திராயிருப்புக்கு இறங்கி அர்ச்சுனா நதியாகி, இருக்கன்குடியில் வைப்பாற்றோடு சேர்கின்றன. மேற்கே வருசநாட்டுப் பக்கம் விழும் மழை வைகைக்கு. வடக்கே சாப்டூர்ப் பக்கம் இறங்குவது குண்டாற்றுக்கு. அதுதான் பேரையூர், திருமங்கலம் பக்கமாகச் சுற்றிக்கொண்டு திருச்சுழிக்கு வருகிறது. நடந்து வந்த அத்தனை கண்மாய்க்காரர்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். "அப்ப நம்ம ஆறு இங்கனக்குள்ளதானா பொறக்குது?" என்றார் திருச்சுழிக்காரர். மலைக்கு வேண்டுதலோடு போவதில் பழைய ஓர் அறிவு இருக்கிறது என்று அப்போது தோன்றியது. மழைக்காகக் கும்பிட வேண்டுமென்றால் மழையைப் பிடித்துவைக்கும் இடத்துக்குத்தான் வர வேண்டும்.

இப்போது மாயனூர்க் கதவணையிலிருந்து காவிரியின் உபரி நீரை 262 கிலோமீட்டர் கால்வாயில் குண்டாறு வரை கொண்டுவரும் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 14,400 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். வரட்டும், வேண்டாம் என்று எந்தக் கரிசல்காரனும் சொல்லமாட்டான். ஆனால் வந்து சேரும் தண்ணீர் நிற்பதற்குக் கண்மாய் வேண்டும், கண்மாய்க்குள் கருவேலம் இல்லாமல் இருக்க வேண்டும், மடைக்கு ஆள் வேண்டும். தலைமடையில் இந்தக் காடு நிற்க வேண்டும். அதனால் இரவு தங்கத் தடை போட்டதில் எனக்கு வருத்தமில்லை. முன்பு மேலே கஞ்சி மடத்தில் எந்த நேரம் போனாலும் கஞ்சி கிடைக்கும், நாள் கணக்கில் தங்கலாம் என்று பெரியவர் ஏக்கத்தோடு பேசினார். ஆடி அமாவாசைக்கு வரும் லட்சக்கணக்கானவர்களும் தங்கினால் இந்த ஊற்றுகள் தாங்காது. தங்குமிடங்கள் கீழே, சமவெளியில், ஒவ்வொரு பத்து மைலுக்கும் இருக்கட்டும். அங்கேதான் அவை இடிந்துகொண்டிருக்கின்றன.

நடந்து போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. ஆடியில் கூட்டமும் காற்றும் அதிகம். தை அமாவாசையை ஒட்டிப் போனால் கண்மாய்களில் தண்ணீரும் காட்டில் குதிரைவாலிக் கதிரும் பார்க்கலாம். மலை திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். மேகம் கறுத்தால் ஏறாதீர்கள், பளியர்கள் சொன்னால் உடனே இறங்குங்கள். புறவழிச்சாலையை விட்டு ஊருக்குள் புகுந்து நடங்கள். சாவடி கண்டால் ஊராரிடம் கேட்டு ஓர் இரவு தங்கிப் பாருங்கள். காலையில் கூட்டிவிட்டுக் கிளம்புங்கள். ஓடு சரிந்தோ விளக்கு எரியாமலோ இருந்தால் அந்த ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, முடிந்த மகமையையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.